மேல் வீட்டில் மார்பிள் வெட்டியதால் மரம் வரையக் கற்றுக்கொண்டேன்

நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். பெங்களூரு அல்சூரில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. போன வருடம் பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை ஏழு மாதமும் 71,500 ரூபாயும் போனது. கணக்கைப் பின்னால் சொல்கிறேன். "இயற்கையோடு கொஞ்ச நாள் இருந்துட்டு வா, கற்பனை தானா ஊறும்" என்று யாராவது உங்களுக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தால், பஸ் டிக்கெட் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு அப்படி யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

பிப்ரவரியில் சென்னைப் பதிப்பகம் ஒன்றிலிருந்து வேலை வந்தது. 24 பக்கம், காட்டில் வழி தவறும் ஒரு சிறுமியின் கதை. 30,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார்கள். முதல் ஆறு பக்கத்தை ஒரே வாரத்தில் வரைந்து அனுப்பினேன். எடிட்டர் போனில் கூப்பிட்டார். "சிறுமி நல்லா வந்திருக்கா மேடம். ஆனா மரமெல்லாம் ஒரே மரமா இருக்கே? இது என்ன மரம்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அது எந்த மரமும் இல்லை. பத்து வருடமாக நான் வரைந்துகொண்டிருந்தது ஒரு பழுப்புத் தூணும் அதன் மேல் ஒரு பச்சை மேகமும்தான். தென்காசிப் பக்கம் பிறந்து, குற்றாலச் சாரலில் நனைந்து வளர்ந்தவள் நான் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு கை ஓடவில்லை. இணையத்தில் காட்டுப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். யாரோ ஒருவரின் கேமரா பார்த்த காடு என் தாளில் இரண்டாம் கைச் சட்டை மாதிரி உட்கார்ந்தது. டேப்லெட்டில் ஒரு கோடு போடுவேன், அழிப்பேன். ஏப்ரல் முழுக்க அப்படியே போனது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்து, நமக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது, இனி எங்கேயாவது கணக்கெழுதும் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று படுத்துக் கிடப்பேன். வீட்டில் சொன்னால் "ரெஸ்ட் எடு" என்பார்கள். ரெஸ்ட் எடுத்தால் இன்னும் பயமாக இருந்தது.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. குடகில் ஒரு காப்பித் தோட்டத்து விடுதியில் மூன்று இரவு, நான்கு பகல் ஓவிய முகாம். 26,500 ரூபாய். "இயற்கையில் நான்கு நாள் இருந்தால் படைப்பாற்றல் 50 சதவீதம் கூடும் என்று அறிவியல் சொல்கிறது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் அந்த 50 சதவீதத்தில் விழுந்தேன். பணம் கட்டின கையோடு வெளியில் வரைவதற்கென்று மடக்கு ஸ்டாண்டு, புது வாட்டர் கலர் பெட்டி, விலை உயர்ந்த காட்டன் தாள் என்று 11,800 ரூபாய்க்கு வாங்கினேன். (அந்த ஸ்டாண்டை ஈசல் என்பார்கள். தமிழில் எழுதினால் மழைக்கு விளக்கைச் சுற்றுகிற ஈசல்தான் ஞாபகம் வருகிறது. ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவுதான், இரண்டாம் நாளே ஒரு கால் கழன்றது.)

அந்த 50 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று பணம் போன பிறகுதான் தேடிப் படித்தேன். 2012ல் அமெரிக்காவின் கான்சாஸ், யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஆய்வு அது. நிஜமான ஆய்வுதான். மொத்தம் 56 பேர். சிலரைக் காட்டு நடைக்குக் கிளம்பும் முன்பும், மற்றவர்களை நடையின் நான்காம் நாள் காலையிலும் சோதித்தார்கள். நான்காம் நாள் சோதனை எழுதியவர்கள் 50 சதவீதம் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் சோதனை என்னவென்றால், மூன்று சொற்களைக் கொடுத்து, மூன்றுக்கும் பொருந்துகிற நாலாவது சொல்லைக் கண்டுபிடிப்பது. படம் வரைவதற்கும் அதற்கும் நேரடி சம்பந்தம் இல்லை. முக்கியமான விஷயம், அவர்களிடம் போன் உட்பட எந்த மின்னணுச் சாதனமும் கிடையாது. பலன் காட்டினால் வந்ததா, போன் இல்லாததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். எங்கள் முகாமிலோ வைஃபை இலவசம். சாயங்காலமானால் ரீல்ஸ் எடுக்கத் தனியாக ஒரு மணி நேரம்.

ஜூலை மாதம் குடகு எப்படி இருக்கும் என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். நான்கு நாளும் மழை விடவில்லை. வாட்டர் கலருக்கு ஈரக் காற்று போல எதிரி இல்லை. ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்தது. அங்கே காலை பத்து மணிக்குப் போட்ட வானம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஈரமாகவே இருந்தது. மேலே பச்சையை வைத்தால் அது வானத்துக்குள் ஓடிக் காலிஃபிளவர் மாதிரி விரிந்தது. தலைமுடி காயவைக்கும் டிரையர் ஒன்றே ஒன்று, அதற்குப் பதினாலு பேர் வரிசை. சொல்லிக்கொடுக்க வந்தவர் தன் படத்தைத் திரையில் காட்டி, "என்னோடது மாதிரியே மலை போடுங்க" என்றார். ஜன்னலுக்கு வெளியே நிஜ மலை மூடுபனிக்குள் நின்றுகொண்டிருக்க, பதினாலு பேரும் திரையைப் பார்த்து ஒரே மலையைப் போட்டோம். மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் தோட்டத்துக்குள் நடத்திக் கூட்டிப்போனார்கள். கணுக்காலில் ஏறின அட்டையைப் பார்ப்பதா, மரத்தைப் பார்ப்பதா? சாக்ஸுக்குள் மூன்று அட்டை. அறைக்கு வந்து உப்புப் போட்டு எடுத்தேன்.

முகாமே மோசடி என்று சொல்லமாட்டேன். கூட வந்த சிலர் சந்தோஷமாகத்தான் திரும்பினார்கள், அவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள். நான் வைத்தியத்துக்குப் போனேன். திரும்பி வந்து பையைத் திறந்தால் காட்டன் தாள் கட்டில் பூசண வாடை. அடுத்த வாரம் அதில் வரைந்தபோது வண்ணம் மேலே நிற்காமல் இங்க் ஒற்றும் தாளில் இறங்குவதுபோல இறங்கியது. வாட்டர் கலர் தாளில் வண்ணத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு பசைப் பூச்சு இருக்கும். ஈரத்தில் அது கெட்டுவிட்டால் தாள் குப்பைதான். மழைக்காலத்தில் நல்ல தாளை வெளியூருக்குத் தூக்கிப் போகாதீர்கள். போகத்தான் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, அன்றன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் வெளியே எடுங்கள்.

ஆகஸ்டில் எடிட்டரைக் கூப்பிட்டு, முடியவில்லை என்று சொல்லி, முன்பணத்தைத் திருப்பி அனுப்பினேன். அவர் திட்டவில்லை. "பரவாயில்ல மேடம்" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். முகாம் 26,500, வண்டிச் செலவு 3,200, சாமான் 11,800, முன்பணம் 30,000. கூட்டினால் முதலில் சொன்ன தொகை.

செப்டம்பர் முதல் வாரம் எங்கள் வீட்டுக்கு மேல் தளத்தில் ஓனர் தரையை மாற்ற ஆரம்பித்தார். காலை ஒன்பதுக்கு மார்பிள் வெட்டும் மெஷின் போட்டால் சாயங்காலம் ஆறு வரை. பல் கூசும். வேறு வழியில்லாமல் ஒரு பழைய ரூல் போடாத நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அல்சூர் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி மூன்றாவது ஸ்டேஷனில் இறங்கினேன், கப்பன் பார்க். கலைக்காகப் போகவில்லை, காதைக் காப்பாற்றிக்கொள்ளப் போனேன். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. குடகில் ஒவ்வொரு நிமிடமும், "வருதா? இப்போ வருதா?" என்று எனக்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கில் எதுவும் வர வேண்டியதில்லை. ஆறு மணியானால் போதும்.

உட்கார்ந்த பெஞ்சுக்கு எதிரே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அது என்ன மரம் என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. பொழுது போகாமல் அடிமரத்தை வரைந்தேன், பச்சை மேகத்தைப் போடவில்லை. அடுத்த நாள் வேறு பெஞ்ச் காலியில்லை, திரும்ப அதே மரம். ஒரு வாரம் போன பிறகுதான் நான் அதுவரை எத்தனை பொய் வரைந்திருக்கிறேன் என்று தெரிய ஆரம்பித்தது. கிளை என்றால் அடியில் பருத்து நுனியில் மெலிந்து மேலே போகும் என்று என் கை தானாகப் போட்டுவிடும். இந்த மரத்தின் கீழ்க்கிளை ஒன்று அடிமரத்துக்குச் சமமான பருமனில் பக்கவாட்டில் போய், நடுவில் யானைத் துதிக்கை மாதிரி தொய்ந்து, மறுபடி எழும்புகிறது. பட்டை பழுப்பே இல்லை. வெயில் படுகிற பக்கம் சாம்பல், நிழலில் ஊதா கலந்த கறுப்பு, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கிளையின் மேல்பக்கம் மட்டும் பாசிப் பச்சை. இலை இலையாகப் போட்டுப் பார்த்துத் தோற்றேன். பத்தாம் நாளோ என்னவோ, இலையை விட்டுவிட்டு இலைகளுக்கு நடுவே தெரியும் வானத் துண்டுகளை மட்டும் வரைந்தேன். மரம் தானாக வந்து நின்றது. ஓவியக் கல்லூரியில் முதல் வருடம் சொல்லிக்கொடுத்த விஷயம்தான் இது. அன்றைக்குப் பரீட்சைக்குப் படித்ததோடு சரி.

அங்கே தினமும் இலை கூட்டுகிற ஒரு அக்கா உண்டு. செங்கம் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடம் ஆகிறதாம். பத்துப் பதினைந்து நாள் என்னைக் கவனித்துவிட்டு, துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா, தினமும் இந்த ஒரே மரத்தையா வரையற? வேற மரமே கிடைக்கலையா?"

"இதையே இன்னும் சரியா போட வரலக்கா."

நோட்டை வாங்கிப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். "இது காலைல வரைஞ்சது. இது சாயங்காலம்" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "இதுல தூங்கிடுச்சே" என்றார். அப்போதுதான் மேலே பார்த்தேன். ஐந்தரை மணி. குடை மாதிரி இருந்த மரம் சல்லடை மாதிரி ஆகியிருந்தது. ஒவ்வொரு காம்பிலும் சின்ன இலைகள் ஜோடி ஜோடியாக மடிந்து தொங்கின, காலையில் மூடியிருந்த வானம் கிளை இடுக்கெல்லாம் தெரிந்தது. நான் பார்த்துத்தான் வரைந்திருக்கிறேன், என் கைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. "மழை வர்றதுன்னா மத்தியானமே மூடிக்கும். நாங்க அதைப் பார்த்துதான் குப்பையை முன்னாடியே வாரிடுவோம்" என்றார் அக்கா.

அன்றைக்கு ராத்திரி, காட்டில் வழி தவறிய அந்தச் சிறுமி மரங்கள் தூங்குவதைப் பார்த்துத் தானும் கையை மடக்கித் தூங்குகிற மாதிரி ஒரு பக்கம் போட்டேன். யாரும் கேட்கவில்லை, முன்பணமும் இல்லை. எட்டு மாதத்தில் அழிக்காமல் முடித்த முதல் படம் அது.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதையெல்லாம் கலந்து சொல்லிவிடுகிறேன். தூரமாகப் போகாதீர்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 91ல் வைக்கோல் போர்களை இருபதுக்கும் மேல் ஓவியங்களாக வரைந்தது ஊர் ஊராகச் சுற்றி இல்லை, ஜிவெர்னியில் தன் வீட்டுக்குப் பக்கத்து வயலில். வெளிச்சம் மாற மாற ஒரு கேன்வாஸை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். நம் பக்கத்தில் மைசூர் அரண்மனை ஓவியர் வெங்கடப்பா வாட்டர் கலரில் ஊட்டியை வரைந்தவர். அவர் பெயரில் உள்ள கலைக்கூடம் கப்பன் பார்க்கை ஒட்டி கஸ்தூரிபா சாலையில்தான் இருக்கிறது. பத்து வருடம் அந்த வழியாக பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதில் ஒரு லாபம் உண்டு. முதல் நாள் தெரிவது அழகு. அது படத்துக்கு உதவாது, எல்லோருக்கும் தெரிவதுதான் நமக்கும் தெரியும். ஒரு வாரம் கழித்து அலுப்பு வரும். அந்த அலுப்புக்குப் பிறகு தெரிவதுதான் நம்முடையது.

வெயில் நாளில் நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். முக்கால் மணி நேரத்தில் நீங்கள் வரைய ஆரம்பித்த படம் எதிரே இருக்காது. உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிடத்தில் நிழலின் எல்லையை மட்டும் கோடு போட்டு அடைத்துவிடுங்கள், அப்புறம் நிழல் எங்கே போனாலும் நீங்கள் துரத்தாதீர்கள். தாளின் மேல் நேராக வெயில் பட உட்காராதீர்கள். வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்கும், வெளியில் பளிச்சென்று தெரிந்த படம் வீட்டுக்கு வந்தால் கருகின தோசை மாதிரி இருக்கும். போட்டோ எடுப்பதாக இருந்தால் வரைந்து முடித்த பிறகு எடுங்கள். முதலிலேயே எடுத்துவிட்டால், போனில் இருக்கிறதே என்று கண் சோம்பேறியாகிவிடுகிறது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தேதி, மணி, வெயிலா மேகமா என்று எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் அதுவே ஒரு பாடப்புத்தகம்.

சாமானைக் குறையுங்கள். பெயிண்டைத் தகர டியூபில் அடைக்க 1841ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வழி கண்டுபிடித்த பிறகுதான், எண்ணெய் வண்ணக்காரர்கள் சுலபமாக வெளியே போய் வரைய முடிந்தது. அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையில் பெயிண்டைக் கட்டி எடுத்துப் போனார்கள். நமக்கு ஒரு டப்பாவில் மூன்று வண்ணம் போதும், மஞ்சள், சிவப்பு, நீலம். கடையில் விற்கிற பச்சையை வாங்காதீர்கள். நானாகக் கலக்க ஆரம்பித்த பிறகுதான் ஒரே மரத்தில் ஏழெட்டுப் பச்சை இருப்பது தெரிந்தது. இன்னொன்று, சில வாட்டர் கலர்களில் காயாமல் இருக்கத் தேன் சேர்ப்பார்கள். பெட்டியின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள். நான் பெட்டியைப் புல்லில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய் வருவதற்குள் மஞ்சள் குழி முழுக்க எறும்பு. சில எறும்புகள் அந்தப் படத்திலேயே ஒட்டிக் காய்ந்துவிட்டன, எடுக்க மனமில்லாமல் விட்டுவிட்டேன்.

ஸ்டாண்டு எடுத்துப் போகாதது உடம்புக்கும் நல்லது. நகரத்தில் வேறொரு பூங்காவில் அதைப் பிரித்ததும் காவலாளி வந்து, ஷூட்டிங்கா, பர்மிஷன் இருக்கா என்று அரை மணி நேரம் நிற்க வைத்தார். மடியில் நோட்டு வைத்து வரைகிறவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெண்கள் தனியாகப் போனால் ஆள் நடமாட்டம் உள்ள நடைபாதை ஓரமாக, முதுகுக்குப் பின்னால் மரமோ சுவரோ இருக்கிற மாதிரி உட்காருங்கள், கழிவறை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கொசு மருந்து கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்குக்குள் வண்டி விடமாட்டார்கள், அமைதியாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். கூட்டம் தாங்காது, பாதி பேர் நாயோடு வருகிறார்கள். வார நாள் காலைதான் சரி.

கப்பன் பார்க் ஒத்துவராதவர்களுக்கு லால்பாக். 240 ஏக்கர், உட்கார இடத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே உள்ள பழைய இலவ மரத்தின் பலகை பலகையான வேர்களை வரைய நான் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். அங்கே கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறை சுமார் 300 கோடி வருடப் பழசு. மரம் வரைந்து கை சலித்தால் பாறை வரையலாம், அசையாது, தூங்காது. இந்த ஊரில் பூக்கிற மரங்களையும் மாதக் கணக்கு வைத்துப் பிடிக்கலாம். ஜனவரியிலிருந்து இளஞ்சிவப்பு டபேபுயா, மார்ச் வாக்கில் ஊதா ஜகரண்டா, அது ஓயும்போது குல்மோஹர். 1908ல் இங்கே வந்த கிரும்பிகல் என்ற ஜெர்மன் தோட்டக்கலை நிபுணர், ஒன்று மாற்றி ஒன்று பூக்கிற மாதிரி மரங்களைத் தேர்ந்து வைக்கச் செய்தார். இவை எல்லாமே மத்திய, தென் அமெரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வந்தவை. என் தூங்குமூஞ்சியும் தென்னமெரிக்கப் பக்கத்து மரம்தான். இயற்கை என்று நான் போய் உட்கார்ந்தது மனிதன் வைத்த தோட்டத்தில், வெளிநாட்டு மரத்தடியில். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. அல்சூரும் அப்படித்தானே, பாதி தெரு எங்கிருந்தோ வந்து வேர் விட்டதுதான்.

ஜனவரியில் அந்தத் தூங்கும் சிறுமி படத்தைத் தயங்கித் தயங்கி எடிட்டருக்கு அனுப்பினேன். பழைய புத்தகம் வேறொருவர் கைக்குப் போய்விட்டது, அது திரும்பாது. ஆனால் இந்தப் படத்தை வைத்தே தனியாக ஒரு சின்னப் புத்தகம் செய்யலாமா என்று கேட்டார். 16 பக்கம். முன்பணம் 18,000. போன பணம் எல்லாம் வந்துவிடவில்லை. வரைய வராத நாட்களும் இன்னும் இருக்கின்றன. அந்த நாட்களில் பென்சிலை எடுக்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறேன். முன்பெல்லாம் அதற்கே அழுகை வரும்.

மேல் வீட்டில் மார்பிள் வேலை டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. மே மாதக் காற்று மழையில் என் மரத்தின் அந்தத் துதிக்கைக் கிளை முறிந்து விழுந்தது. மறுநாள் போனால் ஆட்கள் அறுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முறிந்த இடம் உள்ளே சந்தன நிறத்தில் ஈரமாக இருந்தது, அக்கா அதைக் காட்டி, "இதையும் போட்டு வை" என்றார். நான்கு நாளாக அந்தக் காயத்தைத்தான் வரைகிறேன். நேற்று மூன்றரைக்கே இலைகள் மூடிக்கொண்டன. அக்கா சொன்ன கணக்கில் மழைதான் என்று அவசர அவசரமாகப் பையைக் கட்டி மெட்ரோவுக்கு ஓடினேன். அல்சூரில் இறங்கிப் பார்த்தால் சுள்ளென்று வெயில். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.